உங்கள் உடம்பின் கணக்கு... சாவி யார் கையில்?

நகை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் பீரோவில் ஓர் இடம் உண்டு. ஆனால், "போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கேம்மா?" என்று டாக்டர் கேட்டால்? "வீட்லதான் எங்கேயோ இருக்குது டாக்டர்..." என்று இழுப்போம். ஜவுளிக்கடை மஞ்சள் பையில், கரண்ட் பில்லோடும் கல்யாணப் பத்திரிகையோடும் மடங்கிக் கசங்கிக் கிடக்கும் அந்த ரிப்போர்ட்!

அந்த மஞ்சள் பைக்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, நினைவிருக்கிறதா? திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டத்தில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. அரிசி போயிற்று, பாய் படுக்கை போயிற்று, பள்ளிப் புத்தகம் போயிற்று. அவற்றோடு, பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று எழுதிய அட்டையும் ஊறிக் கூழாயிற்று.

"சர்ட்டிபிகேட்டுக்கு மனு கொடுத்தா வேற தருவாங்க. ஆயாவோட பத்து வருஷ சக்கரைக் கணக்கை யாரு தருவாங்க?" என்று விழுப்புரத்தில் ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதானே!

இப்போது அதற்கு ஒரு பதில் வந்திருக்கிறது. நம் மருத்துவக் கணக்கெல்லாம் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீரில் நனையாது, கரையான் அரிக்காது. நல்லதுதான். ஆனால் பீரோ மாறினால் பூட்டும் மாற வேண்டும் அல்லவா? புதிய பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சில தாய்மார்களையும், ஒரு கிராம சுகாதார செவிலியரையும், ஒரு பெண் டாக்டரையும் பார்த்துக் கேட்டு வந்தேன். நான் தெரிந்துகொண்டதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

வளைகாப்பு முடிந்ததும் கேஸ் ஷீட் எங்கே போகும்?

நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். பெண் வாழ்க்கைப்பட்ட இடம் திண்டிவனம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மாதம் வரைக்கும் அங்கேதான் பரிசோதனை. வளைகாப்பு முடிந்ததும் வளையல் குலுங்க விழுப்புரத்துத் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். பிரசவம் இங்கே. பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மறுபடி திண்டிவனம். இரண்டு ஊருக்கும் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே பார்த்த நர்ஸம்மா வேறு, இங்கே பார்க்கும் டாக்டர் வேறு.

அவசரம் என்றால் கதை இன்னும் நீளும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனை. அங்கிருந்து முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிலர் புதுச்சேரி ஜிப்மர் வரைக்கும் போகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும், "முதல் பிரசவம் எப்படி ஆச்சு? ரத்தம் எவ்வளவு இருந்தது? என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்ற அதே கேள்விகள். வலியில் துடிக்கிற பெண்ணால் எதைச் சொல்ல முடியும்? கூட வந்த அத்தைக்குத்தான் எவ்வளவு தெரியும்?

இதற்காகத்தான் தமிழ்நாட்டில் 2008-ல் 'பிக்மி' என்கிற கம்ப்யூட்டர் பதிவு முறை வந்தது. கர்ப்பிணிப் பெண்ணின் பெயரைப் பதிந்ததும் 12 இலக்கத்தில் ஓர் எண் கொடுப்பார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன், பிரசவம், பிள்ளையின் தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஏறும். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதியலாம். 102-க்குப் போன் செய்தும் பதியலாம். செல்போனில் நாமேகூடப் பதிந்துகொள்ளலாம். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதற்கும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவிக்கும் (ரொக்கம் 14,000, மீதி சத்துப் பொருள்கள்) இதுதான் ஆதாரம்.

"அதனாலதான் பன்னெண்டு வாரத்துக்குள்ள பேர் பதிஞ்சிடுங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொல்றோம்" என்றார் திண்டிவனம் பக்கத்துச் செவிலியர். "நாள் தள்ளிப் போனதை வெளியில சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு அஞ்சாம் மாசம் வர்றவங்களும் இருக்காங்க. கூச்சம் வேணாம்மா. பதிஞ்சாத்தான் எங்க கண்ணு உங்க மேல இருக்கும்."

எல்லோருக்கும் ஓர் எண்

பிக்மி தாய்க்கும் சேய்க்கும். எல்லோருக்குமாக வந்திருப்பது 'ஆபா' எண். 14 இலக்கம். இப்போது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் எனப்படும் திட்டத்தை மத்திய அரசு 2020 ஆகஸ்டில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கியது. பக்கத்துப் புதுச்சேரியும் அதில் ஒன்று. 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதும் வந்துவிட்டது.

இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. "நம்ம வியாதியெல்லாம் டில்லியில ஒரே பெட்டியில போட்டு வச்சிருப்பாங்களாமே!" என்று ஒரு மாமியார் கேட்டார். அப்படி இல்லை. நீங்கள் வைத்தியம் பார்த்துக்கொண்ட மருத்துவமனையில்தான் உங்கள் பதிவு இருக்கும். ஆபா எண் என்பது அந்தப் பதிவுகளை ஒன்றோடொன்று கோக்கிற சரடு, அவ்வளவுதான். வேறொரு மருத்துவமனை அதைப் பார்க்க விரும்பினால் முதலில் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். எந்த ரிப்போர்ட்டைக் காட்டலாம், எத்தனை நாளைக்குக் காட்டலாம் என்று நீங்கள் செல்போனில் குறித்துக் கொடுக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இன்னொன்று. ஆபா எண் எடுத்துக்கொள்வது அவரவர் விருப்பம். அது இல்லை என்பதற்காக வைத்தியம் கிடையாது என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

பதிந்ததெல்லாம் சரியாக இருக்கிறதா?

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது" என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. கம்ப்யூட்டர் பண்ணாதுதான். ஆனால் அதில் ஏற்றுகிறவர் மனிதர்தானே! ஒரு நாளைக்கு நூறு பேரை உட்கார வைத்துப் பதிகிறவர் கை ஒரு தடவை தவறக்கூடும்.

விழுப்புரத்து டாக்டரம்மா இதை ஓர் உதாரணத்தால் விளக்கினார். "ரத்த வகையை எடுத்துக்குங்க. தாய்க்கு நெகடிவ், தகப்பனுக்கு பாசிடிவ்னா பிள்ளைக்கும் பாசிடிவா இருக்கலாம். பிரசவத்தில் பிள்ளையோட ரத்தம் கொஞ்சம் தாயோட ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியப் பொருளா நினைச்சு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது பிள்ளையைத்தான் அது தாக்கும். இதைத் தடுக்க 28-ஆவது வாரத்தில் ஓர் ஊசி, பிள்ளை பாசிடிவா பிறந்தா 72 மணி நேரத்துக்குள்ள இன்னோர் ஊசி. இதில் நெகடிவ்ங்கிறதைப் பாசிடிவ்னு ஏத்திட்டா என்ன ஆகும்? காகிதத்தில் எழுதின தப்பு ஒரு சீட்டோட போயிடும். கம்ப்யூட்டரில் ஏறின தப்பு நீங்க போற ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூடவே வரும்!"

ஆகவே, பதிந்ததும் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். "சிஸ்டர், என் பேர், வயசு, ரத்த வகை சரியாப் போட்டிருக்கீங்களா? ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன்." இதில் கூச்சம் எதற்கு? புடவைக் கடையில் பில்லைச் சரிபார்க்காமல் வருகிறோமா? பென்சிலின் போன்ற மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் ஏற்றச் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, முன்பு நடந்த ஆபரேஷன், கலைந்த கர்ப்பம் இவற்றையும் விடாதீர்கள்.

போன் நம்பர் யாருடையது?

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம். அந்தப் பெண்ணின் பெயர் வேண்டாம். ஊரும் வேண்டாம், அந்த வட்டாரத்தில் ஒரு சிற்றூர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம் செல்போன் இல்லை. ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்டபோது, கூட வந்த கொழுந்தனாரின் நம்பரைக் கொடுத்தாள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் அவளுக்கு மனசு சரியில்லாமல் போயிற்று. காரணம் இல்லாத அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைத் தூக்கவே பயம். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வருகிற மனச்சோர்வு இது. வைத்தியம் பார்த்தால் குணமாகிவிடும். யாரோ நல்லவர் சொல்லி, ஒரு தனியார் கிளினிக்கில் வைத்தியம் ஆரம்பித்தாள். தேறியும் வந்தாள். ஒரு நாள், 'மனநலப் பிரிவில் உங்கள் அடுத்த முறை இந்தத் தேதி' என்று கிளினிக்கிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. எங்கே? கொழுந்தனாரின் போனுக்கு!

அன்று சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. "பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடறாளாம்" என்று பேச்சு. அவள் கிளினிக்குக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். மருந்து நின்றது. நோய் திரும்பியது. "பிள்ளைய என்கிட்டேர்ந்து பிரிச்சிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா. யார்கிட்டயும் எதுவும் சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்று அவள் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

கிராமத்துச் செவிலியர்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டு மாமியாரிடம் உட்கார்ந்து பேசினார். "அத்தைக்கு சக்கரை வந்தா மருந்து சாப்பிடறாங்க. அதுமாதிரிதாம்மா இதுவும்" என்று புரிய வைத்தார். அவளோடு கிளினிக்குக்குப் போய் நம்பரையும் மாற்றச் செய்தார். இப்போது அவள் கையில் ஒரு சின்ன போன் இருக்கிறது. வைத்தியம் தொடர்கிறது. பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது.

சகோதரிகளே, பதிவைக் காப்பாற்றுவது ஏதோ கம்ப்யூட்டர்க்காரர்களின் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். ரகசியம் வெளியே போய்விடும் என்று பயம் வந்தால் நாம் டாக்டரிடமே பொய் சொல்லத் தொடங்கிவிடுவோம். "முன்னாடி கலைஞ்சிருக்கா?" என்றால் "இல்லை" என்போம். "வேற மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றால் "இல்லை" என்போம். பதிவில் பொய் ஏறினால் அந்தப் பதிவை வைத்துப் பார்க்கிற வைத்தியம் எப்படிச் சரியாகும்? பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் நிஜத்தைச் சொல்வோம். நிஜத்தைச் சொன்னால்தான் பதிவு நமக்கு உதவும்.

ஆபா, பிக்மி, காப்பீடு, லேப், கிளினிக் எல்லாவற்றிலும் எந்த நம்பர் கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் கையில் இருக்கிற போனின் நம்பர்தான் அங்கே இருக்க வேண்டும். புருஷனிடம் மறைப்பதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் உடம்பு பற்றிய செய்தி முதலில் உங்களிடம் வரட்டும். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

நாம் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதுமா? மருத்துவமனைகள் தங்கள் வீட்டையும் பூட்ட வேண்டும்.

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விஷமிகள் உள்ளே புகுந்து பதிவுகளைப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றான அது, சுமார் இரண்டு வாரம் பழையபடி பேப்பரும் பேனாவுமாக ஓ.பி. சீட்டு எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் இணையத்தில் விலைக்கு வந்ததாகச் செய்தி வெளியாயிற்று. 2023 ஜூனில், போன் நம்பரைத் தட்டினால் கொரோனா தடுப்பூசி போட்டவரின் விவரம் டெலிகிராமில் வருகிறது என்று ஒரே பரபரப்பு. கோவின் தளத்திலிருந்து நேரடியாக எதுவும் கசியவில்லை என்று அரசு மறுத்தது. ஆனாலும் வயிற்றில் புளியைக் கரைத்த செய்திதான் அது.

"இதெல்லாம் பெரிய திருட்டு. தினசரி நடக்கிற சின்னச் சின்ன அஜாக்கிரதைகளைத்தான் நாங்க முதல்ல கவனிக்கணும்" என்றார் டாக்டரம்மா. அவர் அடுக்கியதைக் கேளுங்கள்.

ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வேண்டும். ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் பயன்படுத்தினால், யார் பார்த்தார், யார் மாற்றினார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டி வைப்பது, பூட்டிய கதவில் சாவியைத் தொங்க விடுவதற்குச் சமம். அவரவர் வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டும். சீட்டு எழுதுகிறவருக்கு எச்.ஐ.வி. ரிப்போர்ட் எதற்கு? திரை வரிசையில் நிற்கும் ஜனங்கள் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. எழுந்து போகும்போது அணைத்துவிட்டுப் போக வேண்டும். ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிற பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். பதிவுகளின் நகலைத் தினமும் தனியாக எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் முடங்கினாலும் வைத்தியம் நிற்காமல் இருக்க ஒரு நோட்டுப் புத்தகமும் தயாராக இருக்க வேண்டும்.

"பேஷண்ட் பேரை வராந்தாவில் நின்னு கூப்பிட்டு, 'எந்த வியாதிக்கு வந்தீங்க?'ன்னு நாலு பேர் எதிர்ல கேக்கறோமே, அதுவும் கசிவுதான்!" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அதில் உண்மை இருக்கிறது அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

நமக்கு உரிமைகள் உண்டு. பலருக்கு அது தெரியாததுதான் குறை.

மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் கொண்டுவந்து 2016-ல் திருத்திய கம்ப்யூட்டர் மருத்துவப் பதிவு விதிமுறைகள், பதிவில் உள்ள விவரங்கள் நோயாளிக்கே சொந்தம் என்கின்றன. மருத்துவமனை அதை நமக்காகப் பாதுகாக்கும் இடம் மட்டுமே. 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே, "கேஸ் ஷீட் நகல் வேணும்" என்று எழுதிக் கேட்பது உங்கள் உரிமை.

சில விஷயங்களுக்குத் தனிப் பாதுகாப்பே உண்டு. மனநலச் சிகிச்சை பற்றிய ரகசியத்தை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்கிறது. எச்.ஐ.வி. பற்றிய விவரத்துக்கும் 2017-லேயே ஒரு சட்டம் வந்தது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் சேர்த்த பிரிவுப்படி, அந்தப் பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் டாக்டர் வெளியிடக் கூடாது; மீறினால் ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக அமலுக்கு வருகின்றன. விவரத்தைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

நர்ஸம்மா பேசறேன்...

இன்னோர் எச்சரிக்கை. "அங்கன்வாடியிலேர்ந்து பேசறேம்மா. உங்களுக்குப் பிரசவப் பணம் வந்திருக்கு. போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று ஒரு குரல் பேசும். உங்கள் பெயர், பிள்ளை பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லும். நம்பிவிடத் தோன்றும். நம்பிச் சொன்னால் பாங்கில் இருப்பது காலி! கர்ப்பிணிகளையும் இளம் தாய்மார்களையும் குறிவைத்து நம் தமிழ்நாட்டிலேயே இந்த மோசடி நடந்திருக்கிறது.

"பணம் வர்றதுக்கு நாங்க ஓ.டி.பி. கேக்கவே மாட்டோம். அது நேரா உங்க பாங்க் கணக்குக்கு வந்துடும். சந்தேகமா இருந்தா போனை வச்சிட்டு எனக்குக் கூப்பிடுங்க, இல்லாட்டி நேர்ல வாங்க" என்று செவிலியர் அழுத்திச் சொன்னார். உங்களுக்கு வருகிற ஓ.டி.பி.தான் நான் முதலில் கேட்ட சாவி. பதியும் இடத்தில் எதிரே உட்கார்ந்து, எதற்கு என்று தெரிந்துகொண்டு சொல்வது வேறு. முகம் தெரியாத குரலுக்குச் சொல்வது வேறு.

இந்த வாரமே செய்யுங்கள்

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று பேப்பரைத் தூக்கி எறியாதீர்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

2. பிக்மி எண், ஆபா எண், காப்பீட்டு அட்டை எண், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து இவற்றை ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

3. தாய் சேய் நல அட்டையையும் தடுப்பூசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போனுக்குப் பூட்டு போடுங்கள். பிள்ளைகள் விளையாடக் கொடுக்கிற போன் என்றால் இன்னும் கவனம்.

4. பழைய நம்பரை விட்டு புது நம்பருக்கு மாறினால், மருத்துவமனையிலும் செவிலியரிடமும் உடனே சொல்லுங்கள். நீங்கள் விட்ட நம்பர் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

5. பிரவுசிங் சென்டரில் பதிந்தால், வேலை முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார்களா, ஆதார் நகலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார்களா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

6. யாராவது சம்மதம் கேட்டால், "எதுக்கு? எந்த ரிப்போர்ட்? எத்தனை நாளைக்கு?" என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் "வேணாம்" என்று சொல்லலாம்.

7. மருமகளின் ரிப்போர்ட், நாத்தனாரின் ஸ்கேன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மருந்துச் சீட்டு, எதையும் அவர்களைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். நம் வீட்டிலும் கசிவு இருக்கக் கூடாது.

8. ஆபா பற்றிய சந்தேகங்களுக்கு 14477; பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104; பணம் ஏமாந்துவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930.

நம் பாட்டிமார் காலத்தில் ஊர் மருத்துவச்சிக்கு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் கதையும் தெரியும். எத்தனையாவது பிள்ளை, எது தங்கியது, எது தங்கவில்லை என்று எல்லாம் அவள் மனசில் இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்ல மாட்டாள். அதனால்தான் எல்லோரும் அவளை நம்பினார்கள். இன்றைக்கு அந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஞாபக சக்தியில் அது மருத்துவச்சியை மிஞ்சிவிடும். வாயை மூடிக்கொண்டிருக்கத் தானாக அதற்குத் தெரியாது. அதை ஆஸ்பத்திரியும் சட்டமும் நாமும் சேர்ந்துதான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இன்று மத்தியானம் வேலை முடிந்து சற்று உட்காரும்போது அந்த மஞ்சள் பையை எடுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் யாருடைய போன் நம்பர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதல் வேலையாக அதைச் சரிசெய்வீர்கள்தானே?